எங்கள் பல்கலைக்கழகம் நடக்கப் பழகிய வருஷம்

ஜூலை 3, வியாழன்

வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

பதினான்கு வருஷமாகச் சான்றிதழ் பிரிவில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவளை இன்றைய கூட்டத்துக்குக் கூப்பிட்டதே குறிப்பெடுக்கத்தான். விஷயம், விளையாட்டுப் பிரிவை மூடுவது. பன்னிரண்டு இடம், போன வருஷம் சேர்ந்தது ஒன்பது பேர். தலைநகரில் எங்கள் பெயரைச் சொன்னால் "அது காலேஜா?" என்று கேட்கிறார்களாம். இந்த லட்சணத்தில் விளையாட்டு ஒரு கேடா என்றார் ஆட்சிக்குழுக்காரர் ஒருவர். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "நம்ம பசங்க ஜெயிச்சா யாருக்காவது சொல்றோமா சார்? நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம். அதுவும் லைப்ரரிக்குள்ள" என்றுவிட்டேன்.

துணைவேந்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. ஒரு வருஷம் தர்றேன். மாநிலத்துக்கே நம்ம பேரு தெரியணும். தெரியலைன்னா மூடிடலாம்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கண்ணாடிக் கடைக்காரர், எதையும் நிதானமாகப் பார்ப்பவர். "உனக்கு விளையாட்டுல என்ன தெரியும்?" என்று கேட்டார்.

ஸ்கிப்பிங் தெரியும் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

பயிற்சியாளரைப் பார்த்தேன். மைதானத்துக்கு எல்லாம் அவர்தான். சாப்பிடும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கும். அதனால் வளாகம் முழுக்க அவர் பெயர் விசில் சார்.

"நம்மகிட்ட யார் சார் ஜெயிக்கிறாங்க?"

"ஓடறதுல யாரும் இல்ல மேடம். தாண்டறதுலயும் இல்ல. எறியறதுல ஒருத்தன் இருந்தான், படிப்பு முடிஞ்சு போயிட்டான். நடக்கறதுல ஒருத்தி இருக்கா."

"நடக்கறது ஒரு விளையாட்டா சார்?"

அவர் விசிலை எடுத்தார். ஒரு விசில் ஊதினார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஓடவில்லை. நடந்துதான் வந்தாள். ஆனால் நான் கைப்பையில் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் முன்னால் நின்றாள்.

வேகநடை. விதி இரண்டே இரண்டு. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் கால் மடங்கக் கூடாது. அப்படியே வேகமாகப் போனால் இடுப்பு தானாக ஆடும். ஒரு கிலோமீட்டரை நாலரை நிமிஷத்தில் கடப்பாளாம். விடுதியில் அவள் பெயரே நாலரை. இரண்டாம் வருஷம் வரலாறு. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். விளையாட்டு இடத்தில் சேர்ந்ததால்தான் விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம்.

"பிரிவை மூடினா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வீட்டுக்குப் போயிடுவேன் அக்கா" என்றாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

ஜூலை 21, திங்கள்

நாலரை நடப்பதை வீடியோ எடுத்துப் பல்கலைக்கழகப் பக்கத்தில் போட்டேன். வழக்கமாக எங்கள் பக்கத்தை முப்பது பேர் பார்ப்பார்கள், அதில் பாதி நானே. இது நாற்பதாயிரம்.

அப்புறம் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். சிரிப்பு. அத்தனையும் சிரிப்பு. "பாத்ரூம் அவசரமா?" என்று ஒருவன். அதைத் திருப்பிப் போட்டவர்கள் மட்டும் நானூறு பேர். பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், தெரிந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

ஜூலை 22, செவ்வாய்

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். "சிரிக்கிறவங்க ஒரு கிலோமீட்டர் என்கூட நடக்கட்டும் அக்கா, அப்புறம் சிரிக்கட்டும்" என்றாள்.

அவள் கோபமாகச் சொன்னாளோ, விளையாட்டாகச் சொன்னாளோ, தெரியவில்லை. நான் அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதுகிறேன். ஏனென்றால் இதில் ஏதோ இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இருந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு வளாகச் சுற்றுச் சாலை எல்லாருக்கும் திறந்திருக்கும். ஒரு சுற்று சரியாக ஒரு கிலோமீட்டர். நாலரையோடு நடக்கலாம். ஓடினால் விசில் சார் ஊதுவார், வெளியே. முந்தினால் பரிசு என்று போட்டோம். என்ன பரிசு என்று போடவில்லை, தேவைப்படாது என்று விசில் சார் சொல்லிவிட்டார்.

முதல் ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். ஏழு பேர் சிரிக்க வந்தவர்கள். பாதிச் சுற்றில் சிரிப்பு நின்றது. மூச்சும் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போன ஞாயிறு நூற்று எண்பது பேர். அரசு மருத்துவமனை நர்ஸ்கள் பத்துப் பேர் ஷிஃப்ட் முடிந்த கையோடு வருகிறார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர், முடிதிருத்துபவர், பேக்கரிக்காரர், இரண்டு தபால்காரர்கள். இவர்களாவது நடை தெரிந்தவர்கள் என்று தபால்காரர்களை நம்பினேன். ஆறாவது நிமிஷத்தில் இருவரும் மரத்தடியில்.

இவரும் வந்தார். கடை திறக்க நேரமாகிறது, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றவர், ஷூ மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நூறு மீட்டரில் விசில். "முட்டி மடங்குது சார்." மறுபடி ஆரம்பித்து, மறுபடி விசில். கடைசியில் பதினோரு நிமிஷத்தில் முடித்தார், எல்லாருக்கும் கடைசியாக. வீட்டில் இரண்டு நாளாகக் கட்டிலிலிருந்து இறங்கும்போது ஐயோ அம்மா என்கிறார். நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

இப்போது வீடியோவுக்குக் கீழே யாராவது கிண்டல் எழுதினால், "நீ ஞாயித்துக்கிழமை வா" என்று எங்கள் ஊர்க்காரர்களே பதில் போடுகிறார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! மாநில வேகநடைப் போட்டி வழக்கமாகத் தலைநகரில்தான். அங்கே சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம். விசில் சார் மாநிலத் தடகளச் சங்கத்துக்கு எழுதினார். அளந்து வைத்த சுற்றுச் சாலை இருக்கிறது, ஆளும் வருவார்கள் என்று. ஒத்துக்கொண்டார்கள். பிப்ரவரி ஏழு. பெண்கள் பத்து கிலோமீட்டர், பத்துச் சுற்று.

துணைவேந்தர் என்னை உட்காரச் சொன்னார். பதினான்கு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. "நம்ம பொண்ணு ஜெயிச்சிடும் இல்லம்மா?"

"ஜெயிச்சிடும் சார்" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

டிசம்பர் 12, வெள்ளி

நாலரையின் முகம் இப்போது ஆறு பஸ்ஸின் முதுகில் இருக்கிறது. "எங்கள் பல்கலைக்கழகத்தின் முகம்" என்று நான் எழுதிய வரி. அவளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு பெருசாவா அக்கா?"

கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நாளை! மூவாயிரம் கைவிசிறி வந்து இறங்கிவிட்டது. என் யோசனை. கூட்டத்துக்கு ஆளுக்கொன்று. வட்ட அட்டை, எங்கள் மஞ்சள் நிறம், நடுவில் எங்கள் சின்னத்திலிருக்கும் அலைக்கோடு மட்டும் கறுப்பில், கொட்டை கொட்டையாக. பெயர் பின்பக்கம். தூரத்திலிருந்து படம் எடுத்தால் மூவாயிரம் அலை தெரியும். விசில் சாரிடம் சொல்லவில்லை. மனிதர் அசந்து போகட்டும்.

பிப்ரவரி 7, சனி

அசந்து போனார்.

எப்படி எழுதுவேன் இதை. வரிசையாக எழுதுகிறேன்.

ஆறே முக்காலுக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் எல்லாம் குடும்பத்தோடு. இருபத்து மூன்று பெண்கள் கோட்டில் நிற்கிறார்கள். நான் மைக்கில், "எல்லாரும் விசிறியை உயர்த்துங்கள்" என்றேன். உயர்த்தினார்கள். மஞ்சள் கடல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவரம்மா என்னை நோக்கி வந்தார். அவரும் வேகநடைதான்.

"இதை யார் குடுத்தது?"

"நான்தான் மேடம்" என்றேன், பெருமையாக.

அவர் இடுப்பிலிருந்து ஒன்றை உருவினார். வட்ட அட்டை. மஞ்சள். நடுவில் கறுப்பில் ஓர் அலைக்கோடு. என் கையிலிருந்ததைப் பிடுங்கி அதன் பக்கத்தில் வைத்தார். "எது உங்களுது, எது என்னுதுன்னு சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டு காலும் தரையை விட்டுருச்சு, ஜாக்கிரதைன்னு நடுவர் எச்சரிக்கிற அட்டை இது. நடக்கிற பொண்ணுங்க இதைப் பார்த்தா வேகத்தைக் குறைப்பாங்க. நீங்க மூவாயிரம் பேரை நடுவராக்கி வெச்சிருக்கீங்க."

ஏழு மாசம் வேகநடை வேகநடை என்று உயிரை விட்டேனே, ஒரு தடவையாவது நிஜப் போட்டியைப் போய்ப் பார்த்தேனா? இல்லை. பயிற்சியில் விசில்தான், அட்டை கிடையாது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன், அதுவும் மூவாயிரம் காலை. திரும்ப வாங்க ஒரு மணி நேரம் ஆகும். வெயில் ஏறினால் போட்டியே ரத்து. விசில் சார் மைக்கைப் பிடுங்கினார். "எல்லாரும் விசிறியைக் கீழ போடுங்க. அது மேலேயே உக்காருங்க. போட்டி முடியற வரைக்கும் யாரும் எடுக்கக் கூடாது."

மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். மேடையில் துணைவேந்தரும்.

போட்டி தொடங்கியது. நாலரை முதல் சுற்றிலிருந்தே முன்னால். ஆறாவது சுற்றில் பலகையில் அவள் எண்ணுக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி, கால் தூக்கியதாக ஒரு நடுவர் எழுதிக் கொடுத்தது. ஏழாவதில் இன்னொன்று. மூன்று வந்தால் வெளியே. கூட்டத்துக்கு இது தெரியும், விசில் சார் ஞாயிறுதோறும் சொல்லிச் சொல்லி. பேக்கரிக்காரர் எழுந்து, "மெதுவாம்மா, மெதுவா" என்கிறார். எட்டாவதில் பிரதான வாசலைத் தாண்டியதும் அவள் ஏனோ வேகம் எடுத்தாள். ஏன்டி, ஏன்டி இப்போ, முன்னாடிதானே இருக்கே—

மூன்றாவது புள்ளி. நடுவரம்மா சிவப்பு அட்டையைக் காட்டினார்.

அவள் நின்றாள். நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றினாள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். யாரோ ஜெயித்தார்கள். நான்தான் மைக்கில் பெயரை அறிவித்தேன், ஆனால் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

எல்லாம் முடிந்தது என்று வயர் சுற்ற ஆரம்பித்தோம். முடியவில்லை. ஒரு பெண் இன்னும் நடந்துகொண்டிருந்தாள். வேறெங்கோ ஒரு சின்னக் கல்லூரி, வெளிறிய ஊதாச் சட்டை. மற்ற எல்லாரும் முடித்தபின் அவளுக்கு ஒன்றரைச் சுற்று பாக்கி. கூட்டம் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக வந்து மூச்சு வாங்கியவர்கள்தானே. நர்ஸ்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவளோடு சேர்ந்து நடந்தார்கள். இவர் ஐம்பது மீட்டர் கூடப் போனார், முட்டி மடங்காமல். பதினோரு நிமிஷம், ஒருவரும் போகவில்லை. அவள் கோட்டைத் தொட்டபோது எழுந்த கைதட்டல், ஜெயித்தவளுக்குக்கூடக் கிடைக்கவில்லை.

அது நல்லதுதான். ஆனால் நாங்கள் தோற்றுவிட்டோம். பிரிவை மூடுவார்கள். நாலரை வீட்டுக்குப் போவாள். எழுதவே கை வரவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை ஆறரைக்கு யார் வரப்போகிறார்கள் என்று போகாமல் இருந்துவிட்டேன். இருநூறு பேர் வந்தார்களாம், நாலரை மட்டும் வரவில்லையாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தலைநகரத்துப் பத்திரிகை. விளையாட்டுப் பக்கத்தில் கால்வாசிக்கு மேல். "கடைசிப் பெண்ணுக்காகக் காத்திருந்த ஊர்." ஊதாச் சட்டைப் பெண்ணும், அவளோடு நடக்கும் நர்ஸ்களும் படத்தில். மஞ்சள் விசிறிமேல் துணைவேந்தர் உட்கார்ந்திருக்கும் இன்னொரு படம். இருபது வருஷமாக விளையாட்டு எழுதுகிறேன், நடைப் போட்டியை இவ்வளவு விவரமாகப் பார்த்த கூட்டத்தை இதுவரை கண்டதில்லை என்று அந்த நிருபர் எழுதியிருக்கிறார். விசிறி விவகாரத்தையும் விடவில்லை, பாவி.

துணைவேந்தர் கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதத்தை மனதில் எழுதிக்கொண்டே போனேன். அவர் பேனாவை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"நம்ம பேரு அஞ்சு இடத்துல வருதும்மா. ஜெயிச்ச பொண்ணோட யூனிவர்சிட்டி பேரு ஒரே ஒரு தடவைதான்."

பிப்ரவரி 13, வெள்ளி

நாலரையை விடுதி வாசலில் பிடித்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துப் போனதெல்லாம் மறந்துவிட்டது. "விசிறியாலயாடி?" என்றேன்.

"விசிறி இல்ல அக்கா. எட்டாவது சுத்துல வாசலுக்கு வெளிய உங்க பஸ் நின்னுட்டிருந்துச்சு. என் மூஞ்சி. அதைப் பார்த்ததும் இன்னும் வேகமா போகணும்னு தோணிச்சு. கால் தூக்கிருச்சு."

இவ்வளவு பெரிதாகவா என்று அன்றைக்கே கேட்டாள். கேட்டது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. தப்பு என்னுடையதுதான். அப்படியே சொன்னேன்: "தப்பு என்னுதும்மா. உன்னைக் கேட்டிருக்கணும்."

"கால் மட்டும் போட்டிருக்கலாம்ல" என்றாள். "நடக்கறது அதுதானே."

சிரித்தாளா என்று பார்த்தேன். கொஞ்சம்.

நாளையே பஸ்ஸிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

ஆட்சிக்குழு. நாலு மணி நேரம். அந்த "ஒரு கேடா" மனிதர் மறுபடி ஆரம்பித்தார்: பதக்கம் எங்கே? நம்மகிட்ட பதக்கம் இல்லை, ஜனம் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவை மேசையில் வைத்தேன். அவர் மருமகன் பெயரும் அதில் இருந்தது, பதின்மூன்று நிமிஷம்.

முடிவு: மூடுவது ஒத்திவைப்பு. ஜூன் சேர்க்கையில் பன்னிரண்டு இடமும் நிரம்பினால் பிரிவு இருக்கும். ஓர் இடம் காலியானாலும் மூடிவிடுவார்கள். விசில் சார் வெளியே நின்றிருந்தார். சொன்னேன். விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்துவிட்டார்.

மே 29, வெள்ளி

பயமாக இருக்கிறது. பத்திரிகையைப் பார்த்துக் கை தட்டுபவர்கள் படிக்க வருவார்களா என்ன? "கை தட்டறது சுலபம், பெட்டியைத் தூக்கிட்டு வர்றதுதான் கஷ்டம்" என்கிறார் இவர். ஆறுதல் சொல்கிறாராம்.

ஜூன் 8, திங்கள்

விளையாட்டு இடங்களுக்குச் சேர்க்கை. சான்றிதழ் சரிபார்க்க என்னையே உட்கார வைத்துவிட்டார்கள், பழகிய கை. பக்கத்து நாற்காலியில் படிவம் எடுத்துக் கொடுக்க நாலரை. ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசை படியிறங்கி, சைக்கிள் நிறுத்தும் இடம்வரை நின்றது. மதியத்துக்குள் அறுபத்தோரு படிவம். பன்னிரண்டு இடத்துக்கு! பாதிப் பேர் நாங்கள் பஸ் பிடித்துக்கூடப் போகாத ஊர்க்காரர்கள். விசில் சார் ஐந்து தடவை வந்து வரிசையை எண்ணிவிட்டுப் போனார். ஆறாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார், வியர்வையாம்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பெண் வந்தாள். பின்னால் அவள் அம்மா, கையில் இரண்டு பை. மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். பட்டப்படிப்பு முடித்துவிட்டாளாம், முதுகலைக்கு இடம் கேட்கிறாள். சான்றிதழில் பெயரைப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தேன். ஊதாச் சட்டை.

"உங்க ஊருக்குப் பக்கத்திலேயே பெரிய யூனிவர்சிட்டி இருக்கே. எதுக்கும்மா இவ்வளவு தூரம்?"

"எந்தப் போட்டிக்குப் போனாலும் நான் முடிக்கும்போது யாரும் இருக்க மாட்டாங்க மேடம். நேரம் எழுதறவர்கூட சில சமயம் போயிருப்பாரு. இங்க மட்டும் எல்லாரும் இருந்தாங்க. இங்க நடந்தா நான் இன்னும் நல்லா நடப்பேன்னு தோணிச்சு."

முத்திரையைத் தேடுவதுபோல இழுப்பறையில் குனிந்துகொண்டேன்.

அவள் படிவத்தை நிரப்பினாள். கடந்த கல்வியாண்டில் கலந்துகொண்ட மாநிலப் போட்டியில் பெற்ற இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பேனா நின்றுவிட்டது. "இருபத்து மூணு பேர்ல நான் கடைசி மேடம். அதை எழுதினா இடம் கிடைக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாலரை எட்டிப் பார்த்தாள்.

"நீ கடைசி இல்ல. நான் முடிக்கவே இல்ல. எனக்கு முன்னாடிதான் நீ. இருபத்திரண்டுன்னு எழுது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சரிதான் என்று தலையாட்டினேன். எழுதினாள். நான் முத்திரை குத்தினேன். நாலரை எழுந்து, "வா, ரோடைக் காட்டறேன்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா பைகளை என் மேசையடியில் வைத்துவிட்டு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். காட்டினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.